மூஞ்சூறுப் பல்லில் தொடங்குங்கள்: கொழும்பிலிருந்து குகைப் புதைபடிவம் படிக்க விரும்புவோருக்கு

குகையில் கிடைக்கும் பழைய எலும்பு என்றதும் பலருடைய நினைவும் காண்டாமிருகத் தாடைக்கும் சிங்கப் பல்லுக்கும்தான் போகும். இலங்கையில் அவையும் கிடைத்திருக்கின்றன. ஆனால் அவை பெரும்பாலும் இரத்தினபுரிப் பக்கத்து மாணிக்கக் குழிகளின் ஆற்றுப் படிவுகளிலிருந்து வந்தவை. குகைத் தரை வேறு உலகம். அங்கே எலி, மூஞ்சூறு, வௌவால், அணில், குரங்கு என்று சின்ன உடம்புக்காரர்களின் எலும்புதான் அதிகம். அரிசியை விடச் சிறிய பல் ஒன்றை வைத்துக்கொண்டு, அந்தக் குகையைச் சுற்றி அப்போது காடு இருந்ததா, புல்வெளி இருந்ததா என்று பேச முடியும்.

காரணம் எளிது. யானை ஒரே பருவத்தில் வறண்ட காட்டிலும் ஈரக் காட்டிலும் நடந்துவிடும். எலியோ பிறந்த இடத்தைச் சுற்றியே வாழ்ந்து முடிக்கும். வெள்ளெலிக்கு வறண்ட, திறந்த நிலம் வேண்டும். இன்று மழைக்காடாக இருக்கும் இடத்துக் குகையில் ஏதோ ஓர் அடுக்கில் மட்டும் வெள்ளெலிப் பற்கள் வந்தால், அந்தக் காலத்தில் சுற்றுப்புறம் வறண்டிருந்ததா என்று கேட்க நியாயம் உண்டு. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தின் உச்சத்தில், கடல் மட்டம் இன்றைவிட ஏறத்தாழ 120 மீற்றர் தாழ்ந்திருந்தது. பாக்கு நீரிணை அப்போது தரை. எந்தச் சிறு விலங்கு அக்கரையிலிருந்து வந்தது, எது இங்கேயே தனித்து வளர்ந்தது என்ற கேள்விக்கும் இந்தப் பற்களில்தான் பதில் தேட வேண்டும்.

கொழும்பில் இருந்துகொண்டு இதைப் படிக்கத் தொடங்க நினைக்கும் ஒருவருக்கு, அவர் உயர்தர மாணவராக இருந்தாலும் ஓய்வுபெற்றவராக இருந்தாலும், நான் சொல்லும் வரிசை இதுதான். குகை இதில் கடைசிக்குப் பக்கத்தில்தான் வரும். அது வேண்டுமென்றே வைத்த வரிசை.

முதலில் சட்டம்

இலங்கையில் தொல்லியல் படிவு உள்ள குகையில் யாரும் தன் விருப்பத்துக்குத் தோண்ட முடியாது. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டப்படி, தொல்பொருள் திணைக்களப் பணிப்பாளர் நாயகத்தின் அனுமதிப்பத்திரம் வேண்டும். வனஜீவராசிகள் திணைக்களத்தின் கீழுள்ள தேசிய பூங்காக்களிலிருந்து எதையும் எடுத்து வரவும் கூடாது.

சட்டம் இல்லாவிட்டாலும் நான் இதையே சொல்வேன். குகை மண் அடுக்கடுக்காகப் படிந்தது. ஒரு பல் எந்த அடுக்கில், எந்த ஆழத்தில், எந்த அடுப்புச் சாம்பலுக்குப் பக்கத்தில் இருந்தது என்பதில்தான் அதன் மதிப்பு முழுவதும் இருக்கிறது. நீங்கள் அதைக் கிளறி எடுத்துச் சட்டைப் பையில் போட்ட கணத்தில் அது வெறும் எலிப்பல். தரையில் கிடப்பதையும் எடுக்காதீர்கள். படம் எடுத்து, இடத்தைக் குறித்து, திணைக்களத்துக்கு அறிவியுங்கள்.

அப்புறம் நூதனசாலை

கொழும்பு 07இல் இந்தத் துறைக்கு வேண்டியவை நடந்து போகும் தூரத்தில் இருக்கின்றன. 1877இல் தொடங்கிய தேசிய நூதனசாலை, அதன் பக்கத்திலேயே இயற்கை வரலாற்று நூதனசாலை, சேர் மார்கஸ் பெர்னாண்டோ மாவத்தையில் தொல்பொருள் திணைக்களம், கொஞ்சம் தள்ளிப் பௌத்தாலோக மாவத்தையில் களனிப் பல்கலைக்கழகத்தின் தொல்லியல் பட்டப்பின் படிப்பு நிறுவகம். ஒரு சனிக்கிழமை காலை போதும்.

போனால் யானை எலும்புக்கூட்டின் முன் நிற்க வேண்டாம். சிறு விலங்குகள் இருக்கும் பக்கம் போங்கள். அணில், மலை அணில், முயல், முள்ளம்பன்றி, மரநாய், சருகுமான், அழுங்கு, வௌவால் வகைகளைப் பார்த்து, ஒவ்வொன்றின் உடல் அளவையும் கைவிரலால் ஒப்பிட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் ஒரு தொடை எலும்பைப் பார்த்ததும் ‘இது எலி அளவா, முயல் அளவா’ என்று கை தானாகச் சொல்ல வேண்டும். நூதனசாலை நூலகத்தையும் பயன்படுத்துங்கள். இலங்கை முலையூட்டிகளைப் பற்றிய பழைய விவரிப்புகளில் மண்டையோட்டு அளவுகளும் பல் வாய்பாடுகளும் இருக்கும்.

கூகை தரும் பாடசாலை

உண்மையான பயிற்சி இங்கேதான் தொடங்குகிறது. குகைகளில் சிறு எலும்பு குவிவதற்கு உலகெங்கும் முக்கியமான காரணங்களில் ஒன்று ஆந்தை. அது எலியை ஏறத்தாழ முழுசாக விழுங்கும். சதை செரிக்கும், எலும்பும் மயிரும் உருண்டையாகத் திரண்டு வாய் வழியே வெளியே வரும். குகை விளிம்பில் தலைமுறை தலைமுறையாக ஆந்தைகள் தங்கினால், கீழே எலும்புப் படுக்கையே உருவாகிவிடும். அதிலும் கூகை என்ற ஆந்தை வகையின் செரிமானம் மென்மையானது. மண்டையோடு கூட உடையாமல் வெளியே வருவதுண்டு.

கூகை குகையில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. பழைய கட்டடங்களின் கூரை, தேவாலயக் கோபுரம், பாவனையில் இல்லாத களஞ்சியம் எல்லாம் அதற்கு வீடுதான். அப்படி ஓர் இடம் தெரிந்தால், கட்டடக்காரரிடம் கேட்டுவிட்டு, கீழே விழுந்து கிடக்கும் உருண்டைகளை மட்டும் எடுங்கள். கூட்டுக்குப் பக்கத்தில் போகவே கூடாது. குஞ்சு இருக்கும் காலத்தில் அந்தக் கூரைக்கே போகாமல் இருப்பது நல்லது.

உருண்டையில் சல்மொனெல்லா போன்ற கிருமிகள் இருக்கலாம். கையுறையும் முகக்கவசமும் போட்டே எடுங்கள். வீட்டுக்கு வந்ததும் அலுமினியத் தாளில் சுற்றி, 160 பாகை செல்சியஸில் 40 நிமிடம் சூடாக்குங்கள். சமையலுக்குப் பயன்படுத்தாத பழைய அவன் ஒன்று கிடைத்தால் மிக நல்லது. ஆறிய பிறகு இளஞ்சூட்டு நீரில் ஊறவைத்து, சாமணத்தால் மயிரை மெல்லப் பிரித்தெடுங்கள். எலும்புகளை நிழலில் காயவிடுங்கள். வெயிலில் வைத்தால் பல் வெடிக்கும்.

பிரித்த எலும்புகளை வகைப்படுத்தும்போது எண்ணிக்கைப் பழக்கமும் வரட்டும். கீழ்த்தாடைகளை இடம், வலம் என்று பிரியுங்கள். ஒரே வகை எலியின் இடத்தாடை 5, வலத்தாடை 3 இருந்தால், அங்கே குறைந்தது 5 எலிகள் இருந்திருக்கின்றன. குகை ஆய்வுகளில் ‘குறைந்தபட்சத் தனியன்கள்’ என்று வரும் கணக்கு இதுதான். ஓர் உருண்டையை வைத்தே இதைப் பழகலாம்.

பல்லைப் படிப்பது

இந்தப் பகுதியில் அவசரப்பட வேண்டாம். சிறு முலையூட்டிகளை அடையாளம் காண்பதில் பத்தில் ஒன்பது பங்கு பல் வேலை. எலும்பு உடையும், கரையும், பல்லை மூடிய கடினமான எனாமல் நிலைக்கும்.

கருவி என்று பெரிதாக ஒன்றும் வேண்டாம். நகைவேலைக்காரர் பாவிக்கும் 10 மடங்கு கண்ணாடி ஒன்று. செட்டியார் தெருப் பக்கம் விசாரித்தால் கிடைக்கும். அத்துடன் கூர்மையான சாமணம், மெல்லிய தூரிகை, மில்லிமீற்றர் வரைபடத்தாள், கறுப்புத் துணி. கணினியில் செருகும் சிறு நுணுக்குக்காட்டி இருந்தால் படம் எடுக்க வசதி.

முதலில் குடும்பம் பிரியுங்கள். தாடையின் முன்னால் உளி போன்ற ஒரு வெட்டும் பல், அதற்குப் பின்னால் பல்லே இல்லாத நீண்ட வெற்றிடம், பிறகு கடைவாய்ப் பற்கள் என்று இருந்தால் அது கொறிவிலங்கு. கடைவாயில் மூன்றே பற்கள் என்றால் எலிக் குடும்பம். அவற்றுக்கு முன்னால் முன்கடைவாய்ப்பல்லும் இருந்தால் அணிலை நினையுங்கள். மேல் வெட்டும் பல்லுக்குப் பின்னால் ஒளிந்து இன்னொரு குட்டிப் பல் நின்றால் அது முயல். வேறு தேட வேண்டியதில்லை. பல் வரிசை வெற்றிடமே இல்லாமல் தொடர்ந்து போய், கூர்மையான முனைகள் நிறைந்திருந்தால் மூஞ்சூறு அல்லது வௌவால்.

இந்தக் கடைசி இரண்டையும் புதியவர்கள் அடிக்கடி குழப்புவார்கள். பூச்சி தின்னும் வௌவாலுக்கும் மூஞ்சூறுக்கும் மேல் கடைவாய்ப்பல்லில் மேலிருந்து பார்த்தால் தெரியும் கோணல் மாணலான முகடு ஒரே மாதிரிதான் இருக்கும். அப்போது பல் வரிசைக்குப் பின்னால், தாடையின் பின்முனைக்குப் போங்கள். தாடை மண்டையோட்டில் மாட்டும் குமிழைப் பாருங்கள். மூஞ்சூறில் அந்தக் குமிழில் மேலும் கீழுமாக இரண்டு மூட்டு முகங்கள் இருக்கும். வௌவாலில் ஒன்றுதான். முன்பக்கமும் உதவும்: வௌவாலுக்கு எடுப்பான வேட்டைப்பல் உண்டு, மூஞ்சூறின் முதல் வெட்டும் பல் கொக்கி போல நீண்டு முன்னால் துருத்தும். பழந்தின்னி வௌவாலின் கடைவாய்ப்பல் மழமழவென்று முகடில்லாமல் இருப்பதால் அது குழப்பாது.

மூஞ்சூறு என்று முடிவானால் இன்னும் ஒரு படி கீழே இறங்கலாம். மேல்தாடையை எடுங்கள். கொக்கிப் பல்லுக்குப் பின்னால் ஒற்றை முனையுள்ள சின்னப் பற்கள் வரிசையாக நிற்கும். அவற்றை எண்ணுங்கள். நான்கு என்றால் பெரும்பாலும் சங்கஸ் பேரினம். இரவில் நம் வீட்டுக் குசினிச் சுவரோரம் ஓடும் மூஞ்சூறு இதில்தான் சேரும். மூன்று என்றால் பெரும்பாலும் குரோசிடுரா என்ற இன்னொரு மூஞ்சூறுப் பேரினம். நான்காவது பல் குத்தூசி முனை அளவுதான் இருக்கும்; அது விழுந்து வெறும் குழி மட்டும் மிஞ்சியிருக்கவும் கூடும். ஆகவே குழிகளையும் எண்ணுங்கள். வெளிநாட்டு வழிகாட்டிகளில் ‘மூஞ்சூறுப் பல் நுனி சிவப்பாக இருக்கும்’ என்று படித்தால் குழம்ப வேண்டாம். அது வடநாடுகளின் இனம். நம் மூஞ்சூறுகளுக்குப் பல் வெள்ளை.

எலிகளில் கடைவாய்ப்பல்லின் மேற்பரப்பைப் பாருங்கள். சாதாரண எலி, சுண்டெலி, பெருச்சாளிக்கு மேல் முதல் கடைவாய்ப்பல்லில் முனைகள் மூன்று நீள வரிசைகளாக நிற்கும். வெள்ளெலியின் தேய்ந்த பல்லில் குறுக்குப் பட்டைகள் தெரியும். மேல் வெட்டும் பல்லில் ஒரு நெடுங்கோடு பள்ளமாக ஓடும். அந்தப் பள்ளத்தை மட்டும் வைத்து வெள்ளெலி என்று முடிவு கட்டாதீர்கள். கொலுண்டா என்ற புதர் எலிக்கும் அது உண்டு. ஓகிய பக்கத்து மலைக்காடுகளில் வாழும் சிறிலங்காமிஸ் என்ற எலிப் பேரினம் உலகில் இங்கே மட்டும்தான் இருக்கிறது. அப்படிப்பட்ட ஒன்றின் பல்லை இனம் என்ற அளவில் உறுதி செய்ய நூதனசாலை மாதிரிகளோடு ஒப்பிட வேண்டும். வீட்டு மேசையில் பேரினம் வரை போனாலே பெரிய வெற்றி. ‘எலிக் குடும்பம், மேலும் உறுதியில்லை’ என்று எழுதுவது நேர்மையான, பயனுள்ள பதிவு.

சல்லடைச் சோதனை

இதைக் கட்டாயம் செய்து பாருங்கள். ஒரு வாளி ஆற்று மணலில், உருண்டைகளிலிருந்து எடுத்த பற்களையும் தாடைகளையும் எண்ணிப் போட்டுக் கலக்குங்கள். 5 மில்லிமீற்றர் கண்ணுள்ள சல்லடையில் முதலில் சலியுங்கள். பிறகு அதே மணலை 2 மில்லிமீற்றர், 1 மில்லிமீற்றர், அரை மில்லிமீற்றர் கண்களில் தண்ணீர் ஊற்றிச் சலியுங்கள். ஒவ்வொன்றிலும் எத்தனை தங்கியது என்று எழுதுங்கள். கம்பி வலை புறக்கோட்டை இரும்புக்கடைகளில் கிடைக்கும். மிக மெல்லியதற்கு மாவரிக்கும் அரிதட்டு போதும்.

சுண்டெலியின் முதல் கடைவாய்ப்பல்லின் நீளம் ஏறத்தாழ 2 மில்லிமீற்றர்தான். இலங்கையில் வாழும் எட்ரஸ்கன் மூஞ்சூறு எடையில் உலகின் மிகச் சிறிய முலையூட்டி. முழு விலங்கே சுமார் 2 கிராம். அதன் பல் பெருங்கண் சல்லடையில் தங்காது. ஒரு பழைய அகழாய்வு அறிக்கையில் மூஞ்சூறே இல்லை என்று கண்டால், குகையில் மூஞ்சூறு இல்லையா, சல்லடையில் இல்லையா என்று கேட்க இந்தச் சோதனை உங்களுக்குக் கற்றுத்தரும். எந்தக் கண்ணளவில் சலித்தார்கள் என்று பார்க்காமல் இரண்டு குகைகளை ஒப்பிடவே கூடாது.

எடுத்த ஒவ்வொன்றையும் சின்ன மூடிப் புட்டியில் போட்டு, பென்சிலால் எழுதிய துண்டையும் உள்ளேயே வையுங்கள்: இடம், திகதி, எந்த உருண்டை, எந்தச் சல்லடை. மை கொழும்பு ஈரத்தில் பரவும். சிறு பற்களை மருந்துக் கூட்டில் வைக்கும் வழக்கம் வெளிநாடுகளில் உண்டு; ஜெலற்றின் என்பதால் நம் காலநிலையில் பூஞ்சணம் பிடிக்கும், பிளாஸ்ரிக் புட்டியே மேல்.

இப்போது குகைக்குப் போகலாம்

முதலில் பாஹியங்கல. களுத்துறை மாவட்டத்தில், புளத்சிங்களவுக்கு அருகில் இருக்கிறது. கொழும்பிலிருந்து 120ஆம் இலக்க பஸ்ஸில் ஹொரணை போய், அங்கிருந்து புளத்சிங்களப் பக்கம் மாறலாம். அது வழிபாட்டிடமும் கூட. விகாரைக்குப் போகும் உடையில், அமைதியாகப் போங்கள். படி ஏறி மேலே நின்றதும் அதன் அளவே திகைக்க வைக்கும். இங்கே 1960களிலிருந்து கட்டம் கட்டமாக அகழாய்வு நடந்திருக்கிறது. 2019இல் வெளியான ஆய்வு, சுமார் 45,000 ஆண்டுகளுக்கு முன்பே இங்கிருந்த மனிதர்கள் குரங்குகளையும் மலை அணில்களையும் குறிவைத்து வேட்டையாடினார்கள் என்று எலும்புகளை வைத்துக் காட்டியது. மழைக்காட்டில் பெரிய விலங்கு குறைவு, மனிதனால் அங்கே பிழைக்க முடியாது என்று நீண்ட காலம் இருந்த எண்ணத்தை அசைத்தவை இந்தச் சிறிய எலும்புகள்தான். எனக்கு இதைவிடப் பெருமை தரும் இலங்கைக் கண்டுபிடிப்பு அதிகம் இல்லை. குருவிட்டைப் பக்கம் பட்டதொம்பலென, கித்துல்கலயில் பெலிலென ஆகியவையும் இதே வரிசையில் பார்க்க வேண்டியவை.

அங்கே நின்று ஒரு கேள்வியை யோசியுங்கள்: இந்த ஈரமான நாட்டில் எலும்பு எப்படித் தப்பியது? நம் குகைகளில் பெரும்பாலானவை நைஸ் போன்ற கடும்பாறைத் தங்குமிடங்கள். சுண்ணாம்புக் குகைகள் குறைவு. மழைக்காட்டு மண் அமிலத்தன்மை கொண்டது, எலும்பைக் கரைத்துவிடும். ஆனால் பாறைக்கூரையின் கீழ் மழை நேரே விழாது. அத்துடன் அங்கே வாழ்ந்தவர்கள் ஆயிரக்கணக்கில் நத்தை தின்று ஓட்டை எறிந்திருக்கிறார்கள். அடுப்புச் சாம்பலும் சேர்ந்திருக்கிறது. ஓட்டின் சுண்ணாம்பும் சாம்பலும் அமிலத்தை முறித்தன. எலும்பு கல்லாகவே மாறியிருக்க வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். இந்த வயதில் பல பழுப்பேறிய எலும்பாகவே இருக்கும். உண்மையான சுண்ணாம்புக் குகையைப் பார்க்க ஆசை என்றால் இரத்தினபுரி மாவட்டத்து வவுல்பனைக்குப் போங்கள். அங்கே வௌவால்கள் பெருங்கூட்டமாக வாழ்கின்றன. வௌவால் எச்சத்தூளில் நுரையீரலைத் தாக்கும் பூஞ்சை இருக்கலாம். நல்ல முகக்கவசம் இல்லாமல் உள்ளே போகாதீர்கள். எலிச் சிறுநீர் கலந்த சேற்றில் காயமுள்ள காலோடு இறங்கினால் எலிக்காய்ச்சல் வரும் என்பது இந்த நாட்டில் எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

அடுத்த கேள்வி: யார் கொண்டுவந்தது? கருகியிருந்தாலோ வெட்டுக்கோடு இருந்தாலோ மனிதர் பக்கம் கை காட்டலாம், ஆனால் பின்னால் மேலே மூட்டிய அடுப்பும் கீழேயுள்ள எலும்பைக் கருக்கும். முழுத் தாடைகளும் முழு மூட்டு எலும்புகளும் நிறைய இருந்து, பல் எனாமல் லேசாக மட்டும் அரிக்கப்பட்டிருந்தால் ஆந்தை. எல்லாம் நொறுங்கி, பல் விளிம்பு உருண்டு, எனாமல் உரிந்திருந்தால் மரநாய் போன்ற ஊனுண்ணியின் வயிற்றுக்குள் போய் வந்தது. குட்டி வௌவாலும் கிழ வௌவாலும் முழுக்கூடாகக் கலந்து கிடந்தால், அங்கேயே தொங்கி அங்கேயே விழுந்தவை. ஆந்தைக்குப் பிடித்த இரை எது என்பதும் கணக்கில் வர வேண்டும். அது தின்றதின் பட்டியல் காட்டில் வாழ்ந்ததின் பட்டியல் ஆகாது.

அடுக்கு கலங்கியிருக்கிறதா என்பதையும் சிறு எலும்பே காட்டிக்கொடுக்கும். பெருச்சாளி வளை தோண்டும்; இன்றைய எலும்பு பழைய அடுக்குக்குள் இறங்கிவிடும். பல குகைகளில் பிற்காலத்தில் பிக்குகளுக்காகத் தரையைச் சமன் செய்து, மேலே மழைநீர் உள்ளே வழியாதபடி பாறையில் விளிம்பு வெட்டியிருக்கிறார்கள். அப்போதும் மேலடுக்கு குலைந்தது. துறைமுகங்களில் திரியும் பழுப்பு எலி கப்பலோடு வந்த அண்மைக்கால விருந்தாளி. 30,000 ஆண்டு அடுக்கு என்று சொல்லப்படும் மண்ணில் அதன் பல் வந்தால், அந்த மண்ணின் மற்ற எலும்புகளையும் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும்.

ஆய்வாளர்களை அணுகுவது

இவ்வளவும் செய்து முடித்தவரிடம் கேட்க நல்ல கேள்விகள் இருக்கும். அதுதான் தகுதி, பட்டம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அகழாய்வு நடக்கும்போது கைகள் போதாத வேலை சலித்த மண்ணைப் பொறுக்குவதுதான். பை பையாக வந்த படிவைத் தட்டில் பரப்பி, தூரிகையால் பல்லையும் எலும்பையும் பிரிக்க நாட்கணக்கில் பொறுமை வேண்டும்.

தொல்லியல் பட்டப்பின் படிப்பு நிறுவகத்துக்கோ பல்கலைக்கழக விலங்கியல் துறைக்கோ எழுதும்போது ஒரு பக்கத்துக்கு மேல் போகாதீர்கள். நீங்கள் யார், வாரத்தில் எந்த நாட்கள் வரமுடியும், எத்தனை உருண்டைகளைப் பிரித்து என்னென்ன அடையாளம் கண்டீர்கள், சல்லடைச் சோதனையில் என்ன கிடைத்தது என்பதைச் சொல்லுங்கள். அளவுகோல் வைத்து எடுத்த இரண்டு தாடைப் படங்களை இணையுங்கள்: ஒன்று பக்கவாட்டில், ஒன்று பல்லின் மேற்பரப்பு தெரியும்படி. அடையாளம் தெரியாத ஒன்றையும் சேர்த்து, எது வரை போனீர்கள், எங்கே நின்றீர்கள் என்று எழுதுங்கள். சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ எழுத வசதி இருந்தால் பதில் விரைவில் வரலாம். தமிழில் எழுதினாலும் படங்களும் எண்ணிக்கையும் தெளிவாக இருக்கட்டும். இரண்டு வாரத்தில் பதில் இல்லையென்றால் நேரில் போய்க் கேளுங்கள். போகும்போது பெயர்த்துண்டு ஒட்டிய புட்டிகளையும் எடுத்துப் போங்கள்.